எல்லையில் நகராத செடி

மூடுபனி விலகாத காலையில் மிஸ் வெர்லின் வந்தாள். முதலில் அவளுடைய ரப்பர் பூட்ஸ் தெரிந்தது. பிறகு பாவாடை. முகம் கடைசியாக வந்தது.

எவரால்ட், கட்டி முடிக்காத அறையின் சுவர்மேல் உட்கார்ந்து இஞ்சி டீ குடித்துக்கொண்டிருந்தான். சுவர் இடுப்பளவுக்கு மேல் எழும்பவில்லை. மூலைக் கம்பிகள் துருப்பிடித்து வானத்தைப் பார்த்து நின்றன. அவன் மனைவி மார்வா இருந்தபோது தொடங்கிய அறை அது. பின்வாசலுக்கு அப்பால், மாமரத்தடியில் மார்வாவின் கல்லறை இருந்தது. வெறும் சிமெண்ட். சுண்ணாம்புகூடப் பூசவில்லை.

அவன் வட்டாரக் காவலன். வயது முப்பத்திரண்டு. கார்ப்பரல் பதவி அவனுக்கு ஒருநாளும் கிடைத்ததில்லை. ஊர் அப்படிக் கூப்பிட ஆரம்பித்தது, அவனும் திருத்தவில்லை.

டாக்ஸி ஓட்டும் லாசெல்ஸ் அவன் பக்கத்தில் நின்றிருந்தான். இருவரும் ஒரே பள்ளியில் படித்தவர்கள். லாசெல்ஸ் தினமும் சுட்ட ரொட்டிப்பழம் கொண்டுவருவான். நண்பனைச் சாப்பிட வைப்பான். அறையை எப்போது முடிக்கப்போகிறாய் என்று கேட்பான். எவரால்ட் டீயை ஊதிக் குடிப்பான். அன்று வேறொன்று சொன்னான்.

“தலைமாட்டுல ஒரு டிராகன் செடியாவது நடு கார்ப்பரல். ஒரு குச்சிய ஒடிச்சுச் சொருகினா அதுபாட்டுக்கு வளரும். செடிகூட இல்லாத சமாதின்னு ஜனங்க பேசறாங்க.”

“பேசட்டும்.”

அப்போதுதான் பனிக்குள் பூட்ஸ் தெரிந்தது.

“கார்ப்பரல் தம்பி,” என்றாள் மிஸ் வெர்லின். “என் தோட்டம் வளந்துபோச்சு.”

“நல்ல உரம்போல,” என்றான் லாசெல்ஸ்.

“செடியச் சொல்லல. நிலத்தச் சொல்றேன்.”

லாசெல்ஸின் சிரிப்பு நின்றது.

அவள் கணவன் ஆஸ்டனுக்குச் சர்க்கரை நோயில் ஒரு காலை எடுத்துவிட்டார்கள். வருகிற சனிக்கிழமை மாண்டவில் ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிவிடுவார்கள். அவர்கள் இருப்பது மிஸ் அடினா என்ற சித்தியின் வீடு. சித்தி போன வருஷம் இறந்தாள், வீடு வெர்லினுக்கு வந்தது. உயரமான தூண்கள்மேல் நிற்கும் பழைய வீடு. வாசலில் நிறையப் படிகள். ஆஸ்டனால் இனி அந்தப் படிகளை ஏற முடியாது. அதனால் வீட்டை ஒட்டித் தரையோடு ஓர் அறை கட்டிக்கொண்டிருந்தாள். அறையிலிருந்து சக்கர நாற்காலி போகிற மாதிரி ஒரு பாதை. பாதையின் முடிவில் பூந்தோட்டம். பக்கத்து நிலத்து ஆடுகள் எதையும் விட்டுவைக்காது என்பதால் எல்லையை ஒட்டி இடுப்புயரத்துக்கு ஒரு சுவர்.

அந்த மலைப்பக்கம் எல்லைக்குக் கல் நடுவதில்லை. டிராகன் செடிதான் எல்லை. வாள்போல நீண்ட இலை, எந்த வறட்சியிலும் சாகாது. பாட்டன் நட்ட வரிசையைப் பேரன் தொடமாட்டான். ஆடு திருடியவனோடுகூட ஊர் பேசும். வரிசையை நகர்த்தியவனுக்குக் கடையில் உப்பு கொடுக்க மாட்டார்கள்.

போன வியாழக்கிழமை கொத்தனார் கிளாட்ஸ்டன் வரிசையை ஒட்டி நூல் கட்டிவிட்டு, திங்களன்று கடைக்கால் தோண்டுவதாகச் சொல்லிப் போனார். வெர்லின் போன சனிக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனாள். திங்கள் காலை திரும்பியபோது நூல் சுருட்டி ஓரமாக வைக்கப்பட்டிருந்தது. வரிசை இடம் மாறியிருந்தது.

“ரெண்டு எட்டு தள்ளிப்போயிருக்கு. பக்கத்து வூட்டு டீக்கன் எசேக்கியேல் ஐயா நிலத்துக்குள்ள. லாபம் எனக்கு. அதான் எல்லாரும் என்னைப் பாக்கறாங்க.”

கொத்தனார்கள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்களாம். நகர்ந்த எல்லைக்குப் பக்கத்தில் எந்த வேலையும் செய்யமாட்டார்கள். அறைக்கு இன்னும் கூரை போடவில்லை. நேற்று ஜெபக் கூட்டத்தில் அவள் உட்கார்ந்த பெஞ்சில் வேறு யாரும் உட்காரவில்லை. அதைச் சொல்லும்போது மட்டும் குரல் இறங்கியது.

“கூரையில்லாத ரூமுக்கா அந்த மனுஷனக் கூட்டிட்டு வருவேன்? அதுவும் திருடி வூடுன்னு பேரு வாங்கினப்புறம்?”

எவரால்ட் கோப்பையைச் சுவர்மேல் வைத்தான்.

“யார் செஞ்சாங்கன்னு தெரியணுமா, நீங்க செய்யலன்னு தெரியணுமா?”

“ரெண்டும் ஒண்ணுதானே தம்பி?”

“எப்பவும் இல்ல,” என்றான்.

*

லாசெல்ஸின் டாக்ஸி மேகத்துக்குள் ஏறிப்போனது. வழியில் வீடுகள் தெரியவில்லை, அவற்றின் சமையல் புகை மட்டும் தெரிந்தது. மிஸ் வெர்லினின் வீடு தூண்கள்மேல் மிதப்பதுபோல இருந்தது. அதன் பக்கத்தில் புது அறை மட்டும் தரையில் கனமாக உட்கார்ந்திருந்தது. ஹாலோ பிளாக் சுவர்கள், ஜன்னலுக்கு விட்ட ஓட்டை, மேலே வெறும் பனி.

எவரால்ட் வரிசையின் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை மெதுவாக நடந்தான். லாசெல்ஸ் அவனுக்கு முன்னால் ஓடிப்போய்த் திரும்பி வந்தான்.

பழைய வரிசை இருந்த இடத்தில் குழிகள் மூடப்பட்டு மண் மிதிக்கப்பட்டிருந்தது. புது வரிசையில் ஒவ்வொரு செடியும் வேரோடும் மண்ணோடும் பெயர்த்து நடப்பட்டிருந்தது. எல்லாச் செடியின் அடியிலும் காய்ந்த வாழைச் சருகு. எவரால்ட் சருகை விலக்கி விரலை விட்டான். சிவப்பு மண் ஈரமாக இருந்தது. ஓர் எட்டு தள்ளி மண் மாவுபோல உதிர்ந்தது. பனி இலையை நனைக்கும், மண்ணுக்குள் இறங்காது. மூன்று வாரமாக மழையே இல்லை.

“உங்க தொட்டியில தண்ணி எவ்வளவு இருக்கு மிஸ் வெர்லின்?”

தொட்டி அடி தட்டிவிட்டது என்றாள். சிமெண்ட் குழைக்கவே எல்லாம் போய்விட்டது. மழை வரும்வரை ஒரு வாளித் தண்ணீரில் குளித்துத் துணியும் துவைக்கிறாள்.

“டீக்கன் தொட்டி?”

“அவருக்கென்ன, பொண்டாட்டி புள்ள இல்லாத ஆளு. ரொம்பத்தான் இருக்கும்.”

வரிசையின் நடுவில் ஒரு செடி நகராமல் நின்றது. மற்றவை எல்லாம் இரண்டு எட்டு விலகிப்போக, அது மட்டும் பழைய இடத்தில், திறந்த புல்லில், கூட்டத்திலிருந்து பிந்திய ஆள்போல நின்றது. மற்றவற்றைவிடத் தண்டு பருமன்.

“நேரம் பத்தல,” என்றான் லாசெல்ஸ். “வெளிச்சம் வந்திருக்கும். ஒண்ண அப்படியே விட்டுட்டு ஓடிட்டான். அதனாலதான் பழைய எல்லை எதுன்னு ஊருக்கே தெரிஞ்சுபோச்சு. முட்டாள் திருடன்.”

“முனையிலேருந்து வேலை செய்யறவன் நடுவுல ஒண்ண விட்டுட்டுப் போவானா?”



அந்தச் செடிக்கு இந்தப் பக்கம், வெர்லினின் புல்லில், நான்கு சின்னப் பள்ளங்கள் இருந்தன. நாற்காலிக் கால்கள். அந்தப் பக்கம் வட்டமாக ஒரு தடம். புல் அங்கே முளைப்பதையே மறந்திருந்தது.

இங்கே ஒரு நாற்காலி இருந்ததா என்று கேட்டான். இருந்தது என்றாள் வெர்லின். சித்தியின் இரும்பு நாற்காலி. சிமெண்ட் மூட்டை அடுக்குவதற்காக அவள்தான் அதை எடுத்து ஷெட்டில் போட்டாள். சித்தி ஞாயிறு சாயந்திரம் அங்கே போய் உட்காருவாளாம். தோட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, எல்லையைப் பார்த்துக்கொண்டு.

“வினோதமான மனுஷி. நல்ல பூவெல்லாம் இந்தப் பக்கம் இருக்கு, அந்தப் பக்கம் வெறும் ஆடு.”

கொத்தனார் கிளாட்ஸ்டன் அறைக்குள் சும்மா உட்கார்ந்திருந்தார். வேலை இல்லாவிட்டாலும் வந்துவிடுகிற ஆள். தான் முறையாகத்தான் தொடங்கியதாகச் சொன்னார். அறைக்கு மண்ணை வெட்டுவதற்கு முன்னால் நாலு மூலையிலும் வெள்ளை ரம் தெளித்தார். மண்ணுக்குள் யார் படுத்திருக்கிறார்கள் என்று நமக்குத் தெரியாது, சொல்லாமல் தோண்டக்கூடாது, யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்வார்கள். சுவர்ப் பக்கம் இன்னும் தெளிக்கவில்லை.

“வியாழக்கிழமை நூல் கட்டறப்ப யாராவது வந்தாங்களா?”

“டீக்கன் வரிசைக்கு அந்தாண்ட நின்னு பாத்துக்கிட்டிருந்தாரு. எவ்வளவு ஆழம்னாரு. என் தொடை வரைக்கும்னேன். முழுக்க நேராவே போகுமான்னாரு. ‘சுவரு நேராத்தான் போகும், வளைஞ்சு போறதுக்கு இது என்ன ஆறா?’ன்னேன். சிரிக்கல மனுஷன்.”

*

டீக்கன் எசேக்கியேல் ரொட்டிப்பழ மரத்தடியில், கவிழ்த்த பெயிண்ட் வாளிமேல் உட்கார்ந்திருந்தார். எழுபதைத் தாண்டிய வயது. முதுகைப் பலகைபோல நிமிர்த்தி வைத்திருந்தார். பக்கத்தில் சகோதரி மகன் ட்ரெவர் புதினா டீயை ஊற்றி அவர் கையில் கொடுத்தான். குனிய முடியவில்லையாம். கிழட்டு முதுகு என்றான் ட்ரெவர்.

ட்ரெவர் சனிக்கிழமை விடியற்காலை கிழங்கு லாரியில் கிங்ஸ்டன் சந்தைக்குப் போய்த் திங்கள் மதியம்தான் திரும்பியிருந்தான். திரும்பியதும் வரிசையைப் பார்த்துக் கத்தியவன் அவன்தான். இன்னும் கத்தும் ஆசை தீரவில்லை.

“பேரு தெரியாத ஊருலேருந்து வந்தா, வந்த வருஷமே எங்க மண்ணத் திங்கறா. செத்துப்போன மிஸ் அடினா இப்படியா இருந்தா? ஒரு ஆட்டக்கூடக் கல்ல விட்டு அடிச்சதில்ல.”

“நீ ஆட்டக் கட்டிப்போட்டிருந்தா சுவரே வேண்டாமே,” என்றான் லாசெல்ஸ்.

“ஆடு கட்டிப்போடறதுக்கா பொறந்துச்சு?”

பெரியவர் கையைத் தூக்கினார். இருவரும் அடங்கினார்கள்.

“அந்தப் பொண்ண யாரும் திட்ட வேண்டாம் தம்பி,” என்றார் எவரால்டிடம். “எனக்கு ஒண்ணும் குறையல.”

“ரெண்டு எட்டு மண்ணு போயிருக்கு மாமா.”

“என் மண்ணு. நான் கேக்கல.”

எவரால்ட் அவர் கைகளைப் பார்த்தான். டீக் கோப்பையை விரல் நுனிகளால் பிடித்திருந்தார், உள்ளங்கையைத் தொடவிடாமல்.  பனி கலைகிறதா என்று மட்டும் கேட்டான். இந்த மலையில் கலையாது என்றார் பெரியவர். பழகிவிட்டால் அதுவும் ஒரு வீடு மாதிரிதான் என்றார்.

*

இறங்கும் வழியில் லாசெல்ஸ் வழக்கை முடித்துவிட்டான். ட்ரெவர்தான். மிஸ் அடினாவின் வீட்டின்மேல் அவனுக்கு ரொம்ப நாளாகக் கண். தன் பக்கத்து வரிசையைத் தானே நகர்த்திவிட்டு அவள்மேல் பழி போட்டால், அவள் ஊரைவிட்டுப் போவாள், வீடு சும்மா கிடைக்கும். வாழைச் சருகு அவர்கள் நிலத்துச் சருகுதான். தண்ணீர் அவர்கள் தொட்டித் தண்ணீர்தான்.

“சனிக்கிழமை அவன லாரிக்குக் கொண்டுபோய் விட்டது யாரு?”

“நான்தான்.”

“திங்கக்கிழமை கூட்டிட்டு வந்தது?”

லாசெல்ஸ் கியரை மாற்றினான். “நான்தான்,” என்றான். “வழியெல்லாம் கொறட்டை. ஓடிவந்துட்டுத் திரும்பிப் போயிருக்க முடியாது, இல்ல?”

“முடியாது.”

தோற்றவன் பேச்சை மாற்றினான். ஊரில் இந்த வாரத்துப் பெரிய சேதி எல்லைகூட இல்லையாம். சனிக்கிழமை மதியம் டீக்கன் எசேக்கியேல் கடைக்கு வந்து அரைப் பாட்டில் வெள்ளை ரம் கேட்டாராம். வாழ்க்கையில் குடித்திராத மனுஷர். கடைக்காரி கையிலிருந்து பாட்டில் நழுவப் பார்த்ததாம். முதுகில் தேய்க்க என்றாராம்.

“சனிக்கிழமையே முதுகு வலியா?”

“என்ன வலி? கிழங்குப் பையத் தோள்ல போட்டுக்கிட்டு மலை ஏறினாரு. டாக்ஸியில ஏறுங்க ஐயான்னேன். உன் டாக்ஸியவிட என் காலு நல்லா ஓடும்னாரு.”

எவரால்ட் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை, வெண்மை மட்டும்.

“வலி வர்றதுக்கு முன்னாடியே மருந்து வாங்கியிருக்காரு,” என்றான்.

அன்று மாலை அவன் மாமரத்தடிக்குப் போனான். மார்வாவின் தலைமாட்டில் நின்றான். வெறும் சிமெண்டைப் பார்த்தான். லாசெல்ஸ் காலையில் சொன்னதை நினைத்தான். ஒரு செடிகூட இல்லாததை ஊர் பார்க்கிறது. அப்படியானால் எங்கே செடி இருந்தால் ஊர் பார்க்காது?

நெடுநேரம் நின்றான். பிறகு உள்ளே போய்ப் படுத்தான்.

*

மறுநாள் புதன்கிழமை காலை அவன் டீக்கனிடம் தனியாகப் போனான். ட்ரெவர் ஆடு மேய்க்கப் போயிருந்தான். எவரால்ட் தனக்குத் தெரிந்ததைச் சொன்னான், ரொம்பச் சுருக்கமாக. பெரியவர் மறுக்கவில்லை. ஒத்துக்கொள்ளவும் இல்லை. மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நகர்த்தினது நீங்கதான்னு நான் சொல்லியாகணும் ஐயா,” என்றான். “அது மிஸ் வெர்லினோட நல்ல பேரு. ஏன் நகர்த்தினீங்கங்கறது உங்களோடது. அத நான் சொல்ல மாட்டேன்.”

“ஏன்னு சொல்லலன்னா ஊரு நம்புமா?”

“நம்பாது. நீங்க அவளுக்காகப் பொய் சொல்றீங்கன்னு நெனைப்பாங்க.”

பெரியவர், மதியத்துக்கு மேல் எல்லோரையும் வரச்சொல் என்றார்.

வந்தார்கள். மிஸ் வெர்லின், கிளாட்ஸ்டன், ட்ரெவர், டீக்கன். லாசெல்ஸ் எல்லோருக்கும் முன்னால் வந்து நல்ல இடம் பார்த்து நின்றிருந்தான். பனி முழங்கால் உயரத்துக்கு இறங்கியிருந்தது. யாருக்கும் கால் இருப்பதாகத் தெரியவில்லை. நகராத செடியைச் சுற்றி அவர்கள் அரை வட்டமாக நின்றார்கள்.

எவரால்ட் குரலை உயர்த்தவில்லை.

“இந்த வரிசையத் திருடனா இருந்தா எப்படி நகர்த்துவான்? குச்சிய ஒடிப்பான், சொருகுவான், போவான். டிராகனுக்கு அது போதும். இது வேரோட வந்திருக்கு. சருகு போட்டு மூடியிருக்கு. தண்ணி ஊத்தியிருக்கு, இன்னைக்குக் காலையிலகூட. மிஸ் வெர்லினுக்குக் குளிக்கவே தண்ணி இல்ல. கல்யாண வீட்டுப் பிள்ளையப்போலச் செடிய இப்படிப் பாத்துக்கறவரு அதத் திருடறவரு இல்ல.”

“அப்ப யாரு?” என்றான் ட்ரெவர்.

“ஞாயித்துக்கிழமை இந்த ரெண்டு நிலத்துலயும் ஒரே ஒரு ஆள்தான் இருந்தாரு. சனிக்கிழமை மலை ஏறினப்ப அவருக்கு முதுகு வலிக்கல. வாங்கின ரம் முதுகுக்கு இல்ல, தோண்டறதுக்கு முன்னாடி மண்ணுல தெளிக்க. திங்கக்கிழமை குனிய முடியல. உள்ளங்கையில கொப்புளம். நடுவுல ரெண்டு ராத்திரி, ஒரு பகல், ஒரு மண்வெட்டி.”

ட்ரெவர் மாமாவைப் பார்த்தான். அவன் வாய் கொஞ்சம் திறந்திருந்தது.

“சொந்த நிலத்தையா? எதுக்கு?”

“அதுதான் எனக்கும் பிடிபடாம இருந்தது. எல்லைய நகர்த்தினா எதெல்லாம் நகரும்? நிலம் நகரும். அதோட கொத்தனாரோட நூலும் நகரும். சுவர் வரிசைய ஒட்டித்தான் போகும். ஐயா வியாழக்கிழமை ரெண்டே கேள்விதான் கேட்டாரு. எவ்வளவு ஆழம், நேராவே போகுமா. அவருக்கு நிலத்தப் பத்திக் கவலை இல்ல. குழியப் பத்தித்தான் கவலை. வரிசையத் தன் பக்கமா ரெண்டு எட்டு கொண்டுபோனா, குழியும் ரெண்டு எட்டு தள்ளிப்போகும். இங்க தோண்ட மாட்டாங்க.” அவன் நகராத செடியைக் காட்டினான். “மிஸ் வெர்லின் பக்கமாத் தள்ளியிருந்தாலும் குழி தப்பியிருக்கும். அது அடுத்தவங்க மண்ணு. அத அவரு செய்யல.”

“அந்த ஒண்ண மட்டும் ஏன் விட்டாரு?” என்று லாசெல்ஸ் கேட்டான். அவனால் பொறுக்க முடியவில்லை. “மறந்துட்டாரா?”

“நாம எல்லாரும் அப்படித்தான் நெனச்சோம். எல்லைச் செடியில ஒண்ணு மிச்சம்னு. இந்த ஊருல டிராகன ரெண்டு எடத்துல நடுவோம்.”

அவன் அங்கே நிறுத்தினான். லாசெல்ஸின் முகம் மெல்ல மாறியது. அவன் தொப்பியைக் கழற்றினான். கிளாட்ஸ்டனும் கழற்றினார்.

“மிச்சம் என்னுது இல்ல,” என்றான் எவரால்ட். ஓர் எட்டு பின்னால் போய் நின்றான்.

பனி அவர்கள் நடுவே நகர்ந்தது. டீக்கன் செடியின் இலை ஒன்றைப் பிடித்துக்கொண்டார், கைப்பிடிச் சுவரைப் பிடிப்பதுபோல.

“அடினாவுக்கும் எனக்கும்,” என்றார். “செத்தே பொறந்துச்சு. பொண்ணு.”



மெதுவாகச் சொன்னார். அவருக்கு அப்போது இருபத்தோரு வயது. அடினாவின் அப்பாவுக்கு அவரைப் பிடிக்காது. அடினா வயிற்றை யாருக்கும் தெரியாமல் மறைத்திருந்தாள். அவள் அப்பாவின் தோட்டத்தில் புதைத்தால் புது மண் தெரியும், இவர் அப்பாவின் நிலத்தில் புதைத்தாலும் தெரியும். எல்லையில் ஒரு செடி பட்டுப்போய் இடைவெளி இருந்தது. எல்லையில் மண்ணைத் தோண்டி டிராகன் நட்டால் யார் என்ன கேட்பார்கள்? பாதி அவள் மண்ணில், பாதி இவர் மண்ணில். தலைமாட்டுச் செடி வரிசையோடு வரிசையாக நின்றுவிட்டது. பிறகு அடினாவின் அப்பா இறந்தார். இவர் போய்க் கல்யாணத்துக்குக் கேட்டார்.

“‘இப்படியே இருக்கட்டும் எசேக்கி’ன்னா. ஞாயித்துக்கிழமை நாற்காலியக் கொண்டுவருவா. நான் வாளியக் கொண்டுவருவேன். நடுவுல எங்க பொண்ணு. அம்பது வருஷம் அப்படித்தான் குடும்பம் நடத்தினோம்.”

மிஸ் வெர்லின் தரையைப் பார்த்தாள். பனி விலகிய இடத்தில் நான்கு சின்னப் பள்ளங்கள் அவள் காலடியில் இருந்தன.

“சொல்லியிருந்தா நான் சுவரே கட்டியிருக்க மாட்டேனே ஐயா.”

“அடினா சொல்லாதத நான் எப்படிச் சொல்றது? உன் வேலையும் நிக்கக்கூடாதுன்னு நெனச்சேன். என் மண்ணு, நான் கேக்கலன்னா யாரு கேப்பான்னு நெனச்சேன்.” அவர் ட்ரெவரைப் பார்த்தார். “தப்பு. எல்லைய நகர்த்தினா ஊரு சும்மா இருக்காதுன்னு இந்த வயசுல எனக்குத் தெரிஞ்சிருக்கணும். உன் பேருக்கு இப்படி ஆகும்னு நெனக்கலம்மா.”

எவரால்டுக்கு ஒன்று மட்டும் கேட்க வேண்டியிருந்தது. “சுவர் வந்திருந்தா நீங்க அந்தப் பக்கம் இருந்திருப்பீங்க. செடி இந்தப் பக்கம். பாக்க முடியாதே.”

“வெர்லின் பூந்தோட்டம் போடறதாச் சொன்னா. எங்க பொண்ணு பூவுக்கு நடுவுல இருப்பா. போதும்னு நெனச்சேன்.”

ட்ரெவர்தான் முதலில் அசைந்தான். ஷெட்டுக்குப் போனான். இரும்பு நாற்காலியைத் தூக்கி வந்து, நான்கு பள்ளங்களில் நான்கு கால்களையும் சரியாக இறக்கினான். மிஸ் வெர்லினின் முகத்தைப் பார்க்காமல், “ஆடுகளக் கட்டிப்போடறேன் மிஸ் வெர்லின்,” என்றான்.

“கட்டிப்போட்டாலும் சுவரு வரும்பா. உன் ஆட்டப் பத்தி எனக்குத் தெரியும்.” அவள் கொத்தனாரைப் பார்த்தாள். “செடியெல்லாம் பழைய எடத்துக்கு வரட்டும். சுவர் பழைய நூல்லயே போகட்டும். இங்க மட்டும் குழி வேண்டாம். இந்தாண்ட வரைக்கும் ஒண்ணு, அந்தாண்டேருந்து ஒண்ணு. நடுவுல ஒரு கதவு.”

கிளாட்ஸ்டன் தலையைச் சொறிந்தார். “கதவத் தொறந்தா நேரா செடி. யாரும் உள்ள வர முடியாதே.”

“யாரும் வர வேண்டாம். தொறந்தா போதும்.”

கிளாட்ஸ்டன் தொப்பியைத் திரும்ப மாட்டினார். பிறகு கரண்டியையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு அறைப்பக்கம் போனார். கூரைக்குப் பலகை அடிக்கும் சத்தம் பனிக்குள்ளிருந்து வர ஆரம்பித்தது. அந்தச் சத்தம் வந்த பிறகுதான் மிஸ் வெர்லின் அழுதாள்.

*

ஆஸ்டன் சனிக்கிழமை லாசெல்ஸின் டாக்ஸியில் வந்து சேர்ந்தான். படிகள் இல்லாத வாசல் வழியாக, சிமெண்ட் வாசனை போகாத அறைக்குள் போனான். ஞாயிறு ஜெபத்தில் மிஸ் வெர்லினின் பெஞ்சில் இடம் போதாமல் நெருக்கி உட்கார்ந்தார்கள். மன்னிப்பென்று யாரும் எதுவும் சொல்லவில்லை. ஒருத்தி மடியில் வைத்திருந்த பாட்டுப் புத்தகத்தை அவள் பக்கம் நகர்த்தினாள்.

அன்று சாயந்திரம் எவரால்டும் லாசெல்ஸும் அந்த வழியே போனார்கள். கதவு இன்னும் வரவில்லை, அதற்கான இடைவெளி மட்டும் இருந்தது. இந்தப் பக்கம் ஆஸ்டன் சக்கர நாற்காலியில். அந்தப் பக்கம் டீக்கன் வாளிமேல். நடுவில் செடி.  இரும்பு நாற்காலி காலியாக இருந்தது, அதில் யாரும் துணியைக்கூடப் போடவில்லை.

எவரால்ட் கிளம்பும்போது டீக்கன் கூப்பிட்டார். முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். நகராத செடியின் பக்கக் கிளையொன்றை ஒடித்துக் கொடுத்தார்.

“என் பொஞ்சாதியப் பத்தி உங்களுக்கு யார் சொன்னா?” என்றான் எவரால்ட். அப்படிக் கேட்க நினைக்கவில்லை, வேறெதையோ சொல்ல வந்தான்.

“யாராவது சொல்லணுமா தம்பி? செடியில்லாத சமாதி ஊருக்கே தெரியும்.”

டாக்ஸியில் லாசெல்ஸ் வாயைத் திறக்கவே இல்லை. அதுவே பெரிய விஷயம். வீட்டில் இறக்கிவிட்டுக் கொஞ்ச நேரம் எஞ்சினை அணைக்காமல் நின்றான். பிறகு போனான்.

எவரால்ட் மாமரத்தடிக்குப் போனான். தலைமாட்டில் விரலால் மண்ணைக் கிளறினான். குச்சியைச் சொருகினான். தொட்டியில் தண்ணீர் பாதிதான் இருந்தது. ஒரு கோப்பை எடுத்து வந்து ஊற்றினான். மண் உடனே குடித்துவிட்டது. இன்னொரு கோப்பை ஊற்றினான்.

“மார்வா,” என்றான்.

பிறகு திரும்பி, கட்டி முடிக்காத சுவரைப் பார்த்தான். துருப்பிடித்த கம்பி ஒன்றில் கையை வைத்து ஆட்டிப் பார்த்தான். அசையவில்லை. இன்னும் தாங்கும்.